நடுக்கதவு

"என்னங்க, உங்க அண்ணன் நடுக்கதவைக் கழட்டிட்டாரு!"

மனைவி போட்ட சத்தத்தில் தம்பிக்காரன் வாய் நிறைய பற்பசை நுரையோடு ஓடிவந்தான்.

ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனம். போக வர ஒரு கதவு. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்கிற தகராறில் அந்தக் கதவுக்குத் தாழ் போட்டது இவன்தான். அதோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது. ஆனால் கீல் அண்ணன் பக்கம் இருந்ததே!

கதவு இருந்த இடத்தில் இப்போது ஒரு பழைய போர்வை தொங்கியது. அந்தப் பக்கம் மரம் அறுக்கிற சத்தம்.

"கதவை எதுக்குக் கழட்டுவாங்க? சுவர் வச்சு அடைக்கத்தான்" என்றாள் மனைவி.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் தாழ்தானே போட்டேன்? செங்கலா வச்சேன்? கூடப் பிறந்தவன்னு கொஞ்சமாவது இருக்கா அவருக்கு?"

"என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?"

"இரு. அவர் அடைக்கறதுக்குள்ள நான் அடைக்கிறேன். என்னை ஒதுக்கினோம்னு அவர் பெருமைப்பட வேணாம்!"

ரோஷத்துக்கு என்ன குறைச்சல்! மதியத்துக்குள் ஹாலில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. காலையில் வரச் சொல்லி கொத்தனாருக்கும் சொல்லியாயிற்று.

அடுக்கி முடித்தபோது ஏனோ பழசெல்லாம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அண்ணன் மடியைத் தவிர எங்கேயும் படுக்க மாட்டான். 'சே, செங்கல் தூசி' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் போர்வை விலகியது.

"டேய், இந்த முனையைப் பிடி!"

அண்ணன் குரல். யோசிப்பதற்குள் கை நீண்டுவிட்டது.

வந்தது அதே கதவுதான். படுக்கை வசமாக வந்து, பாதி அண்ணன் வீட்டிலும் பாதி இவன் வீட்டிலுமாக நின்றது. வழவழவென்று இழைத்து, தாழ்ப்பாள் பிடுங்கிய ஓட்டையைக்கூட அடைத்திருந்தார். சாப்பாட்டு மேஜை!

அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பழைய கதவுல அலமாரி, பெஞ்சு, ஊஞ்சல்னு என்னென்னமோ செய்யறாங்க தம்பி. இவரு மேஜைதான்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. 'அவன் இங்க வர மாட்டான், நம்மளையும் கூப்பிட மாட்டான். அவனவன் வீட்டுல உக்காந்தபடியே சேர்ந்து சாப்பிடலாம்'னு."

அவன் கூனிக் குறுகிப் போனான். முகத்தை மூடிக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் மேஜை.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ, விட்டா சாஞ்சிடும். என் பக்கம் மட்டும்தான் கால் வச்சிருக்கேன். உன் வீட்டுத் தரைடா, உன்னைக் கேக்காம எப்படி வைக்கிறது?" என்றபடி மேஜைக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார் அண்ணன்.

நிமிர்ந்தவர் கண்ணில் செங்கல் பட்டது.

தம்பி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. கைக்கு வந்த செங்கலை எடுத்து மேஜைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"அடியேய், நான் சொன்னேன்ல, அவனுக்கு என் மேல கோபமே இல்லைன்னு! போர்வையை விலக்கித் திருட்டுத்தனமா பார்த்திருக்கான். இந்தப் பக்கம் கால் இல்லைன்னதும் ஓடிப் போய் செங்கல் வாங்கி வச்சிருக்கான் பாரு, என் தம்பி!"