நாளைக்குப் பட்டம்

“இதென்னடா கோயில், கீழே பளிங்கு, மேலே வெறும் செங்கல்? பாதியிலேயே விட்டுட்டாங்களா?”

இத்தாலியின் போலோன்யா நகரத்துப் பெரிய சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள் டொனாத்தா.

“ஆமாம்மா. ஆரம்பிச்சாங்க, முடிக்கல,” என்றான் கோசிமோ.

“அதனால என்ன? உள்ளே பூசை நடக்குதில்ல? வா, பார்ப்போம்.”

மகனின் கையோடு தன் கையைக் கோர்த்துக்கொண்டு இழுத்தாள். தெற்கே சொந்த ஊரில் சந்தைக்குப் போகவே முழங்கால் வலி என்று யாருடைய ஸ்கூட்டராவது கிடைக்குமா என்று பார்ப்பவள். காலையில் ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து ஒரு தெரு பாக்கியில்லாமல் சுற்றுகிறாள். மகன் வக்கீலாகப் போகிற சந்தோஷத்தில் வலிகூட மறந்துவிட்டது போலும் என்று நினைத்தபோது கோசிமோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏனென்றால் நாளைக்குப் பட்டம் எதுவும் இல்லை.

இரண்டாம் வருஷம் ஒரு வாய்மொழித் தேர்வில் வாத்தியார் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு, பாதியில் எழுந்து வந்தவன் அவன். அதன்பிறகு எந்தத் தேர்வுக்கும் போகவில்லை. வீட்டுக்கு மட்டும் போனில் “பாஸ்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்லி, கடைசியில் பேராசிரியரின் பெயர், பட்டம் வாங்கும் தேதி வரைக்கும் வந்து நின்றது. ஊரில் நாவிதர் கடையில் அப்பாவை இப்போதே “வக்கீலோட அப்பா” என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

நாளைக் காலையில் ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பட்டம் வாங்கியவன் தலையில் வைக்கிற இலைக்கிரீடமும், எல்லோருக்கும் கொடுக்கச் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாமும் கொண்டுவருவார்கள். அவர்கள் முகத்தில் விழிக்க அவனால் முடியாது. அதற்குள் தன் கதையை முடித்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தான். அம்மாவை எங்காவது உட்கார வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாகக் கிடைத்தால் போதும். அதுதான் கிடைக்கமாட்டேன் என்றது.

மதியம் சாப்பாட்டுக் கடையில் மெல்லக் கேட்டான். “ஊர்லேர்ந்து பஸ் எத்தனை மணிக்கும்மா கிளம்புது?”

“அது கிடக்கட்டும். இதென்னடா, காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற தண்ணியில மோதிரம் மோதிரமா மாவைப் போட்டு வச்சிருக்கான்?”

“தொர்தெல்லினிம்மா. மெதுவாப் பேசு. இந்த ஊர்ல இதைக் குறை சொன்னா அடிக்க வருவாங்க.”

“வரட்டும், நானும் பாக்குறேன். நீ சாப்பிடு. எலும்பும் தோலுமா இருக்கே.” தன் கிண்ணத்திலிருந்தும் அள்ளி அவன் கிண்ணத்தில் போட்டாள்.

அவன் கழிப்பறைக்கு எழுந்தான். “எனக்கும் போகணும்,” என்று அவளும் எழுந்தாள். ஆனால் உள்ளே போகாமல், அவன் நுழைந்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கடைக்காரனின் மீசையைப் பற்றியும் மோர்தடெல்லா இறைச்சித் துண்டின் பருமனைப் பற்றியும் விடாமல் பேசினாள். அவனுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்து ஒரு சின்னக் கோயில். உள்ளே இறந்து கிடக்கும் யேசுவைச் சுற்றி வாய்விட்டு அலறும் சுடுமண் பெண்கள். அவர்களில் ஒருத்தி முக்காடு பின்னால் பறக்க ஓடி வருகிறாள். டொனாத்தா அவளையே வெகுநேரம் பார்த்தாள்.

“பாவி, இவ்வளவு வேகமா ஓடி வந்தும் பிரயோஜனமில்லாம போச்சே.” அவள் குரல் கம்மியது.

“சிலைதானேம்மா.”

“தெரியும்டா. உன் முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? என்னன்னு சொல்லேன்.”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் உதடு துடித்தது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. “ஒண்ணுமில்லம்மா,” என்றான்.

வெயில் தாழ்ந்தபோது ஊரிலேயே உயரமான அசினெல்லி கோபுரத்தின் அடிக்கு வந்திருந்தார்கள்.

“நீ இங்க உக்காந்து காபி குடி. நான் மட்டும் மேல ஏறிப் பாத்துட்டு வந்துடறேன்,” என்றான்.

“படிக்கிற பசங்க பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி இதுல ஏறினா பட்டமே கிடைக்காதுன்னு நீதானே சொன்ன?”

“அதெல்லாம் சும்மா கட்டுக்கதைம்மா.”

“அப்ப சரி. நானும் வரேன்.”

“மரப்படிம்மா. செங்குத்தா இருக்கும். உன் முழங்காலுக்கு ஆகாது.”

“தவழ்ந்தாவது வரேன்.”

அவனால் தாங்க முடியவில்லை. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்தினான். “காலையிலேர்ந்து அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே! கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடமாட்டியா? நாளைக்குத்தான் எல்லாரும் வந்து நிக்கப் போறாங்களே!”

“யாரும் வரமாட்டாங்கடா.”

டொனாத்தாவின் முகத்தில் காலையிலிருந்து இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

“போன வாரம் உன் பேராசிரியருக்கு ஒரு டின் ஆலிவ் எண்ணெய் அனுப்பினேன். எம்புள்ளை கோசிமோவை ஆளாக்கினீங்கன்னு நாலு வார்த்தையும் போன் நம்பரும் எழுதி வச்சேன். ‘அந்தப் பேர்ல என்கிட்ட யாருமே படிக்கலையேம்மா’ன்னு அவரே போன் பண்ணினார்,” என்றாள். “நான் பட்டம் பார்க்க வரல, கண்ணு. உன்னை உயிரோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”