ஊரில் இருப்பவள்

“ஊரிலை அவளின்ரை படுக்கையறையும் குசினியும் இப்ப எனக்கு நல்லா விளங்குது” என்று அம்புறோஸ் போனில் கூட்டாளி பிருந்தனிடம் குழைந்துகொண்டிருந்தான். இடையில் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “செலீன், சீனி எங்கை?” என்றான்.

அவன் மனைவி செலீன் சீனியை எடுத்துக் கொடுக்கவில்லை. போன வருசம் சண்டை ஓய்ந்து பாதை திறந்த கையோடு யாழ்ப்பாணத்துக்குத் தனியாகப் போய் வந்தவன். அங்கே எவளோ ஒருத்தியின் படுக்கையறை வரைக்கும் அத்துப்படி.

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள். “ஊரிலை ஆரவள்?”

“சந்திரன்ரை பெண்சாதி.”

“கலியாணம் கட்டினவளோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?”

அம்புறோஸ் விழுந்து விழுந்து சிரித்தான். கொம்பியூட்டரை அவள் பக்கம் திருப்பினான். திரையில் இடிந்த மண்சுவர்கள்.

“யூனிவர்சிற்றிக்காக நான் படம் கீறுற கோயில் இது. ஈராக்கிலை கிண்டி எடுத்தது. அந்தப் பழைய நகரத்தின்ரை பேரே ஊர்தான். அவள் நாலாயிரம் வருசத்துக்கு முந்தின தெய்வம், புருசன் சந்திரக் கடவுள். அவளுக்குப் படுக்கையறை, குசினியெல்லாம் கோயிலுக்குள்ளையே கட்டியிருக்கினம்.”

செலீன் அந்த அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

“அப்ப சீனியையும் அவளின்ரை குசினியிலையே போய்த் தேடுங்கோ.”