ஸஹீதாவின் பாத்தி

"பெரிய கிழங்கையெல்லாம் களவாக் கிண்டி எடுத்துப்போட்டு, எனக்கு நெல்லிக்காயளவு பொடிக் கிழங்கை மட்டும் விட்டு வச்சிரிக்கீங்க, ராத்தா!"

நபீஸா வேலியோரம் நின்று கத்தினாள். அரிசி கூப்பனுக்குச் சுருங்கிய யுத்த காலம். நுவரெலியாவிலிருந்து வந்த, கடுகு போன்ற உருளைக்கிழங்கு விதையைப் பக்கத்து வீட்டு ஸஹீதா ராத்தாவும் அவளும் பங்கிட்டுத்தான் விதைத்திருந்தார்கள்.

"என்னையா சொல்றாய், புள்ள?"

"பின்ன, ஷைத்தானா வந்து கிண்டின?"

ஸஹீதா மண்வெட்டியோடு தன் பாத்திக்குப் போனாள். ஒளித்ததைத் தோண்டத்தான் போகிறாள் என்று நபீஸா நினைத்தாள்.

பூவோடு நின்ற தன் செடிகளை ஸஹீதா ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட்டாள். எல்லா வேரிலும் அதே பொடிக் கிழங்குதான்.

"கிழங்கை நடாம விதையில முளைச்சா முதல் போகம் இவ்வளவுதான். வாயால சொன்னா நம்பியிருப்பியா? இதைத் திரும்ப நட்டாத்தான் பெருக்கும். இந்தா, உனக்கும் பாதி."

கிழங்கை அள்ளிக்கொண்டு வேலிக்கு மேலால் நீண்ட ஸஹீதாவின் முந்தானையைப் பார்த்து நின்ற நபீஸாவுக்குக் கை எழவேயில்லை.