முழங்காலுக்குத் தண்ணீர்

சூடம் அணைத்துச் சொல்லலாம், இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கொத்தனார் வெள்ளைக்கண்ணுவின் மனைவி ராக்கம்மாளுக்கு மூட்டு மாற்றியபோது, சிமென்ட் வைத்துப் புது மூட்டை எலும்போடு ஒட்டியிருப்பதாக டாக்டர் சொன்னார். எலும்பின் நுண்துளைகளில் இறங்கி அது பிடித்துக்கொள்ளுமாம். வருடங்கள் போனால் தளரவும் கூடுமாம். அந்தக் கடைசி வார்த்தைதான் வெள்ளைக்கண்ணுவைத் தூங்கவிடவில்லை. தளர்ந்தால் அவள் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

புண் ஆறியதும் அவர் வேலையைத் தொடங்கினார். கண்ணில் புரை விழுந்திருந்தாலும் கைக்கு வேலை தெரியும். தினமும் விடிந்ததும் அவள் முழங்காலில் ஈரச்சாக்கைச் சுற்றிச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினார்.

“அது பத்து நிமிசத்துல இறுகிடும்னு டாக்டரு சொன்னாருல்ல?” என்றாள் ராக்கம்மாள்.

“அவரு எத்தனை வீடு கட்டியிருக்காரு? பேசாம காலை நீட்டு புள்ள.”

“நம்ம வீட்டுச் செவுத்தை இப்படி நனைச்சிருந்தா வெடிச்சிருக்காது,” என்றபடி நீட்டினாள்.

ஒரு மழைக்காலத்தில் முழங்காலில் அரசங்கன்று முளைத்தது. வேர் இறங்கினால் விரிசல் விடுமே என்று, விரலால் தடவித் தடவி, அவளுக்கு வலிக்காமல் பிடுங்கி எறிந்தார்.

பதினைந்து வருடம் கழித்து எக்ஸ்ரே பார்த்த டாக்டர், சிமென்ட் மயிரிழைகூட விலகவில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைக்கண்ணு அவள் முழங்காலை வருடினார்.

“தழும்புகூடத் தட்டுப்படல பாரு. அப்படி இழைஞ்சிருக்கு.”

“எல்லாம் உங்க கைராசிதாங்க,” என்றாள் ராக்கம்மாள்.

ஆபரேஷன் நடந்தது வலது காலில். அத்தனை வருடமும் அவள் நீட்டியது இடது காலை.