ஒன்பது வருஷத்து ரவுட்டர்

"புதுசெல்லாம் வேண்டாங்க. தூசி தட்டி அப்படியே வெச்சுட்டுப் போங்க" என்றார் ராசப்பன்.

ராசிபுரத்தில் அவருக்கு ஜவ்வரிசி வியாபாரம். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அங்கே ரப்பர் பேண்டு போட்டு ஆணியில் மாட்டியிருந்த ரவுட்டருக்கு ஒன்பது வயது. நெட் சர்வீஸ் நந்தகுமார் அதைத் தொடவே தயங்கினான்.

"ஏனுங்கண்ணா, கம்பெனிக்காரனே இதைக் கைகழுவி நாலு வருசம் ஆச்சுங்க. அப்டேட்டும் வராது. பாஸ்வேர்டும் வாங்குனப்ப இருந்ததேதான். யாரு வேணா உள்ள பூந்து, நீங்க கம்ப்யூட்டர்ல போட்டு வெக்கிற ரேட்டைப் படிக்கலாங்க."

"படிக்கட்டும். படிப்பு நல்லதுதானுங்களே."

நந்தகுமார் லேப்டாப்பைத் திறந்து ரவுட்டரைத் துழாவினான். "உங்க ஊட்டுல எத்தன போனுங்க?"

"ரெண்டு" என்றாள் மனைவி கோகிலவாணி. அவனை வரச்சொன்னதே அவள்தான்.

"இதுல மூணு காட்டுதுங்களே."

"அதான பாத்தேன்" என்றாள் கோகிலவாணி. "எதுத்த ஊட்டுச் சின்னண்ணன் போன ரெண்டு தடவையும் நம்மளவிட மூட்டைக்குப் பத்து ரூவா கொறச்சுச் சொல்லி, இந்தூர் பார்ட்டி லோடைத் தட்டீட்டுப் போனானுங்க. இன்னைக்கு நவராத்திரி வெரதத்துக்குப் போற லோடு. இதும் போச்சுன்னா குடோன்ல இருக்கறதைப் பூச்சிதான் திங்கும்."

அந்த நேரம் பார்த்து இந்தூர் பார்ட்டியின் தரகர் ரங்கன் உள்ளே வந்தார். ராசப்பன் தோள் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொன்னார்; அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ராசப்பனின் அப்பா மாட்டுத் தரகர். சந்தைப் பழக்கம் மகனை விடவில்லை. ரவுட்டரே இப்படி இருக்கிற வீட்டில் மனிதர் எப்படி இருப்பார் என்று நந்தகுமார் நினைத்துக்கொண்டான்.

"சரிங்க, சின்னண்ணனையும் கேட்டுட்டு நாலு மணிக்குச் சொல்றனுங்க." ரங்கன் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ராசப்பன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இன்றைய ரேட்டை ஒற்றை விரலால் தட்டி, வாய்விட்டும் படித்தார். "மூட்டை நாலாயிரத்து அறநூறு."

"மறுக்காவும் அதுலயே போடறீங்களே" என்று தலையில் கை வைத்தாள் கோகிலவாணி.

"பொறவு, செவுத்துலயா எழுதறது?"

நந்தகுமாருக்கே பொறுக்கவில்லை. "அண்ணா, பழசை நானே எடுத்துக்கறேன். புதுசைப் பாதி வெலைக்குத் தாரேன்."

பாதி விலை என்றால் பாம்பைக்கூட வாங்கி, பெட்டிக்குத் தனியாகப் பேரம் பேசுகிற ஆள். அவரோ வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நந்தகுமார் ஒரு வருடம் இலவச சர்வீஸ் என்றான். அதற்கும் அதே ஆட்டம்.

"இவருகிட்ட என்ன பேச்சு? நீ கழட்டு சாமி. ஆவறதை நான் பாத்துக்கறேன்" என்றாள் கோகிலவாணி.

நந்தகுமார் எட்டி ஒயரைப் பிடித்தான். ரவுட்டரின் பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. ராசப்பன் மெல்ல எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறு சாமி, சின்னண்ணன் இன்னும் படிச்சு முடிக்கல."