சாரம்மாள் கையோடு வந்த செங்கல்

பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில், கணவர் சத்தியநேசனுக்குப் புதிதாகக் கட்டப்பட்ட கல்லறையின் மேல் சாரம்மாள் கையை ஊன்றுகிறார். ஊன்றிய இடத்துச் செங்கல் அப்படியே கழன்று கையோடு வருகிறது. சிமெண்டே கலவாத மணல், காலை வெயிலில் மின்னியபடி அவருடைய வெள்ளைச் சேலையில் பொலபொலவென்று உதிர்கிறது. எதிரே கொத்தனார் பலவேசம் பில்லை நீட்டியபடியே நிற்கிறார். “வெள்ளையடிச்சா ஒண்ணும் தெரியாது டீச்சரம்மா. மிச்சத்தத் தாங்க.” “இதுக்கா பணம்? வெறும் மணல வச்சுல்லா கட்டியிருக்கீய!” “அதுக்கென்ன? உள்ள கெடக்கவுக எந்திரிச்சு வந்தா கொறை சொல்லப் போறாவ?” செங்கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு சாரம்மாள் அவரை ஏறிட்டுப் பார்க்கிறார். “எந்திரிப்பாவ, பலவேசம். கர்த்தர் வாறப்ப கட்டாயம் எந்திரிப்பாவ.” பில்லை நீட்டிய கை தானாகத் தாழ்கிறது. கல்லறையைவிட்டு ஓரடி விலகி நின்று, “எப்பம்?” என்று கேட்கிறார் பலவேசம்.