மாப்பிள்ளை நடுவில் செருகிய 'ஓய்வு'

"செத்தவங்களையெல்லாம் எப்படி மாப்பிள்ளை பிழைக்க வச்சீங்க?"

மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் 'மாப்பிள்ளை'யிலும் 'நீங்க'விலும் குறை வைக்கவில்லை. கல்யாணம் புதுசு.

மாமனார் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். அவருடைய ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது மாப்பிள்ளை. அன்று காலை, அங்கே செத்துப்போன பிராணிகளின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தானாகவே ஒரு செய்தி போயிருந்தது: 'உங்கள் செல்லம் குணமடைந்துவிட்டது. வந்து அழைத்துச் செல்லவும்.'

போன் ஓயவில்லை. "நானே குழி வெட்டிப் புதைச்சேனே, இப்பத் தோண்டணுமா?" என்று ஒருவர் நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

மாப்பிள்ளைக்குக் காரணம் புரிந்துவிட்டது.

"மாமா, காத்திருப்பு, சிகிச்சை, குணம், மரணம்னு வரிசையா நாலு நிலை வச்சிருந்தேன். டேட்டாபேஸ்ல அது பேரா பதியாது, எத்தனாவதுங்கிற நம்பராத்தான் பதியும். நேத்து நீங்க கேட்டீங்களேன்னு 'ஓய்வு'ன்னு ஒண்ணை மூணாவதா செருகினேன். குணம் நாலாவது இடத்துக்கு வந்துடுச்சு. ஏற்கெனவே நாலுன்னு பதிஞ்சிருந்ததெல்லாம்..."

"எழுந்து உக்காந்துடுச்சு!"

"பேராவே பதியச் சொல்லியிருக்கணும் மாமா. ஒரு வரி வேலை. நான்தான் அசட்டையா விட்டுட்டேன்."

"அதை அப்புறம் பாருங்க. முதல்ல வர்றவங்களுக்குப் பதில் சொல்லுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு அம்மாள் காலிக் கூண்டும் கையுமாக ஓடி வந்தார். பின்னாலேயே அவர் கணவர், பேயறைந்த முகத்தோடு.

"எங்க சார் என் கிளி? சளின்னு இவர்தான் தூக்கிட்டு வந்தார். செத்துப்போச்சுன்னு வெறுங்கூண்டோட திரும்பி வந்தார். கடைசியா முகத்தைக்கூட எனக்குக் காட்டலை சார்!" அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மாப்பிள்ளையின் கண் அந்தக் கூண்டிலேயே நின்றது. தான் செருகிய ஒற்றைச் சொல்லால் போன செய்தியை நம்பி ஒரு ஜீவன் கூண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறதே!

"மன்னிச்சுக்கோங்கம்மா. கிளி பிழைக்கலை. பிழை என்னோடது. கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் இடம் மாறிப்போச்சு."

அம்மாளின் முகம் சுருங்கியது. "அப்ப நிஜமாவே இல்லையா?"

"இல்லைம்மா. செத்தது செத்ததுதான்" என்றார் மாமனார், அவசரமாக.

"அதான் டாக்டரே சொல்றாரே, வா போகலாம்" என்றார் கணவர், அதைவிட அவசரமாக. போகிற போக்கில் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "விடுங்க தம்பி, மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்."

காலையிலிருந்து திட்டு வாங்கியே காது மரத்துப்போயிருந்த மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு பெருந்தன்மையா!

வாசலைத் தாண்டுவதற்குள் அம்மாளுக்குத் தாங்கவில்லை. கூண்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்.

அப்போது, உள்ளே சாத்தியிருந்த அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. அச்சு அசல் அந்தக் கணவரின் குரல். ஆனால் கணவரோ இங்கே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஆரம்பிச்சுட்டாடா மகராணி!"